பியோனியை அதன் குடும்பத்தில் வைப்பது எப்படி

பியோனி இலங்கையின் இயற்கைத் தாவரம் அன்று. நமக்கு ஓரளவு அண்மையில் அது தானாக வளரும் இடம் மேற்கு இமயமலைச் சரிவுகளே. அங்கே பியோனியா எமோடி என்னும் வெண்பூ இனம் காணப்படுகிறது. ஆயினும் நுவரெலியாவிலும் பதுளையிலும் ஹட்டனிலும் வாழும் நமக்கு அந்தப் பெயர் புதியதன்று. வித்துப் பொட்டலங்களின் மேலட்டையிலும் திருமண அழைப்பிதழ்களின் ஓவியங்களிலும் அது வருகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் உறவினர்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் பூத்த பியோனியைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூ எந்தக் குடும்பம் என்று கேட்டால் ஒருவர் ரோசா என்பார், மற்றொருவர் டேலியா என்பார், பழைய தாவரவியல் நூல் படித்தவர் ரனன்குலேசியே என்பார். மூன்று விடைகளும் பிழை.

பல ஆண்டுகளுக்கு முன் பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக நானே ஒரு பியோனிப் படத்தை அட்டையில் ஒட்டி, அதன் கீழே "குடும்பம்: ரனன்குலேசியே" என்று எழுதி வைத்தேன். கையில் இருந்த நூலில் அப்படித்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி அட்டையின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "சேர், இது ஏன் அந்தக் குடும்பம்? எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. அவளுடைய கேள்வியின் இரண்டாம் பாதிதான் இந்த வழிகாட்டியின் பொருள். எதைப் பார்க்க வேண்டும், எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி எழுத வேண்டும் என்பதை, நம் மலைநாட்டில் எளிதாகக் கிடைக்கும் பூக்களைத் துணையாகக் கொண்டு இங்கே சொல்கிறேன்.

பெயர்களின் படிகள்

வகைப்பாட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் உண்டு. நம் பாடநூல்களின் வழக்கில் வருணம், குடும்பம், சாதி, இனம் என்று மேலிருந்து கீழாக அவை வரும். தமிழகத்து நூல்களில் சாதியைப் பேரினம் என்றும் இனத்தைச் சிற்றினம் என்றும் எழுதுவார்கள். இரண்டு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர் இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இலத்தீன் பெயரின் ஈற்றைப் பார்த்தே அது எந்தப் படியைக் குறிக்கிறது என்று சொல்லிவிடலாம். "ஏசியே" என்று முடிந்தால் அது தாவரக் குடும்பம். "ஏலிஸ்" என்று முடிந்தால் அது வருணம். பியோனியா என்னும் சாதிப் பெயரோடு "ஏசியே" சேர்ந்து பியோனியேசியே ஆனது. இப்பெயரைக் குடும்பப் பெயராக 1815 இல் வழங்கியவர் ரஃபினெஸ்க். சாதிப் பெயரோ அதைவிட மிகப் பழையது. கிரேக்கத் தொன்மத்தில் தேவர்களுக்கு மருத்துவம் செய்த பையோன் என்பவரின் பெயரிலிருந்து அது வந்தது. 1753 இல் லின்னேயஸ் இச்சாதியைத் தம் முறைக்குள் கொண்டுவந்தபோது, கேசரங்கள் (மகரந்தம் தரும் இழைகள்) பல இருப்பதை மட்டும் வைத்து "பல கேசரங்கள் உடையவை" என்னும் பெரிய வகுப்பில் சேர்த்தார்.

இந்தக் குடும்பத்தில் சாதி ஒன்றே ஒன்றுதான். ஏறத்தாழ 33 இனங்களும் பியோனியா என்னும் அந்த ஒரே சாதிக்குள் அடங்குகின்றன. ஆகவே ஒரு பூ பியோனியா என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் அதன் குடும்பமும் தெரிந்துவிடுகிறது. கடினமான வேலை அந்த உறுதியைப் பெறுவதில் இருக்கிறது.

செடியை வரவழைக்க வேண்டாம், படங்களைக் கேளுங்கள்

பலர் முதலில் நினைப்பது ஒரு கிழங்கை வெளிநாட்டிலிருந்து தருவித்து நுவரெலியாவில் நட்டுப் பார்க்கலாம் என்பதே. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அதை ஊக்குவிக்க மாட்டேன். பியோனி பூக்க வேண்டுமானால் அதன் மொட்டுகள் பல வாரங்கள் இடைவிடாமல் உறைநிலையை ஒட்டிய குளிரில் உறங்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் வெண்பனி படிந்தாலும், பகல் ஏறியதும் வெயில் மண்ணைச் சூடாக்கிவிடுகிறது. இலைக் கோசையும் உருளைக்கிழங்கையும் கருக்கப் போதுமான அந்தப் பனி, பியோனியின் நீண்ட உறக்கத்துக்குப் போதாது. மேலும், உயிருள்ள கிழங்கையோ வேரையோ நாட்டுக்குள் கொண்டுவருவதற்குத் தாவரத் தடுப்புக்காப்பு விதிகளின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் ஒரு கிழங்கோடு நம் மரக்கறித் தோட்டங்களுக்கு ஒரு புதிய நோயும் வந்து சேரலாம்.

இதற்குப் பதிலாக வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் படங்களைக் கேட்பதே சிறந்த வழி. ஆனால் அவர்கள் தாமாக எடுத்து அனுப்பும் படம் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த, இதழ்கள் நிறைந்த ஒரு பூவாகத்தான் இருக்கும். அது வகைப்பாட்டுக்கு உதவாது. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். முழு இலையும் அது தண்டோடு சேரும் இடமும் தெரியும்படி ஒரு படம். விரியாத மொட்டைப் பக்கவாட்டில் காட்டும் ஒரு படம். அடுக்குப் பூவாக இல்லாமல் ஒற்றையடுக்கு இதழ்களை உடைய பூவை எடுத்து, இதழ்களை ஒவ்வொன்றாக நீக்கியபின் நடுப்பகுதியை மிக அருகில் காட்டும் ஒரு படம். இதழ்கள் உதிர்ந்து இரண்டு வாரம் கழித்து அதே இடத்தின் படம். ஆவணி, புரட்டாதியில் காய் வெடித்து வித்துகள் தெரியும்போது கடைசிப் படம். கடைசி இரண்டையும் மறந்துவிடுவார்கள், ஆதலால் பூத்த உடனே நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பூங்காட்சிக்கு என்று வளர்க்கும் அடுக்குப் பூக்களில் கேசரங்கள் இதழ்களாக மாறிப்போயிருக்கும். அத்தகைய பூவின் உள் இதழ் ஓரத்தில் மஞ்சள் மகரந்தக்கூட்டின் எச்சம் ஒட்டியிருப்பதைச் சில சமயம் காணலாம். அழகான பூ அது; ஆனால் நமக்கு வேண்டிய உறுப்புகளை அது மறைத்துவிடுகிறது.

மொட்டில் எறும்புகள் மொய்க்கின்றன, மருந்து அடிக்கலாமா என்று அவர்கள் கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பியோனியின் புல்லிகள் (மொட்டை மூடியிருக்கும் வெளியுறுப்புகள்) மொட்டுப் பருவத்தில் இனிப்பான நீரைச் சுரக்கின்றன. அதற்காகவே எறும்புகள் வருகின்றன. எறும்பு வந்தால்தான் மொட்டு விரியும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு, அது உண்மையன்று.

ஒத்த தோற்றங்களை முதலில் விலக்குங்கள்

"பியோனி" என்று அச்சிட்ட பொட்டலம் ஒன்றை வாங்கி விதைத்து, மூன்று மாதம் கழித்து அஸ்டர் பூத்ததைக் கண்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். அஸ்டரிலும் டேலியாவிலும் பியோனியைப் போன்று பூக்கும் வகைகளுக்குப் பியோனி என்ற அடைமொழியைச் சேர்ப்பது தோட்டக்கலை வழக்கம். இவற்றை விலக்குவது எளிது. டேலியாவின் ஓர் "இதழை" அடியோடு பிடுங்கிப் பாருங்கள். அதன் அடியில் ஒரு குட்டிச் சூலகம் (வித்து உருவாகும் பகுதி) இருக்கும். அதாவது அந்த ஒவ்வோர் "இதழும்" தனித்தனிப் பூ. நாம் பூ என்று சொல்வது பல பூக்கள் கூடிய தலை. பியோனியின் இதழைப் பிடுங்கினால் இதழ் மட்டுமே வரும்.

ரோசாவை விலக்க இலையே போதும். ரோசா இலைக்காம்பின் அடியில் இருபுறமும் இறகு போன்ற சிறு இலையடிச் செதில்கள் ஒட்டியிருக்கும். பியோனியில் அவை இல்லை. பூவிலும் வேறுபாடு உண்டு. ரோசாவின் சூல்வித்திலைகள் (சூலகத்தை ஆக்கும் உறுப்புகள்) பூவின் அடியில் உள்ள குடம் போன்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். பியோனியில் அவை பூவின் நடுவே திறந்தவெளியில் நிமிர்ந்து நிற்கும்.

இப்போது தேயிலைப் பூவுக்கு வருவோம். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பியோனியின் ஒற்றையடுக்குப் பூவை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, கையளவு பெருத்த தேயிலைப் பூ என்பதே. கொழுந்து பறிக்கும் மலைகளில் பூவைக் காண்பது அரிது. ஆனால் கவாத்துக்குத் தப்பிய வேலியோரச் செடியிலோ, கைவிடப்பட்ட மலையிலோ, இலைக் கக்கத்தில் தலை குனிந்து தொங்கும் வெள்ளைப் பூக்களை எவரும் காணலாம். ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அடியில் ஐந்து பச்சைப் புல்லிகள், அவற்றின் மேல் வெண்ணிற அல்லிகள் (நாம் இதழ் என்பவை), நடுவே மஞ்சள் தலைகளோடு எண்ண முடியாத கேசரங்கள். இதுவரை பியோனியும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காய் முற்றும்வரை புல்லிகள் விழாமல் ஒட்டியிருப்பதும்கூட இரண்டுக்கும் பொது.

இனி ஓர் அல்லியை மெல்ல இழுங்கள். அது தனியே வராது. பக்கத்து அல்லிகளும் வெளிப்புறக் கேசரங்களும் அடியில் சேர்ந்து ஒரு வளையமாகக் கழன்று வரும். எஞ்சி நிற்பது பட்டுப் போன்ற வெண்மயிர் போர்த்த ஒரு சிறு உருண்டையும், அதன் மேல் நுனியில் மூன்றாகப் பிரியும் ஒரே தம்பமும் (சூலகத்தின் மேல் எழும் காம்பு). உருண்டையைப் பிளேட்டால் குறுக்கே வெட்டிக் கைவில்லையால் பார்த்தால் மூன்று அறைகள் தெரியும். மூன்று சூல்வித்திலைகள் ஒன்றாய் இணைந்து ஒரே சூலகமாகி இருக்கின்றன. நாம் தேயிலைக் கொட்டையை உடைக்கும்போது மூன்று பிரிவுகளைக் காண்பது இதனால்தான். பியோனியில் இந்த இணைப்பு இல்லை. குடும்பத்தைத் தீர்மானிக்கும் முதல் பெரிய வேறுபாடு இதுவே.

உள்ளிருந்து வெளியே பாருங்கள்

நம் கண் இயல்பாகவே இதழிலிருந்து தொடங்குகிறது. வகைப்படுத்துபவர் அதை மாற்றி, பூவின் நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரவேண்டும். இதழ்கள் பூச்சிகளையும் தோட்டக்காரரையும் கவர்வதற்காக விரைவில் மாறுபவை. நடுவில் உள்ள உறுப்புகள் மெதுவாகவே மாறுபவை. ஆகவே பழைய உறவை அவையே காட்டிக்கொடுக்கின்றன.

பியோனியின் நடுவே பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து சூல்வித்திலைகள் இருக்கும். ஒன்று மட்டும் உள்ள பூக்களும் ஐந்துக்கு மேற்பட்டவையும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே, தடித்த சிறு குடுவை போல நிற்கும். நீண்ட தம்பம் கிடையாது. மகரந்தத்தை ஏற்கும் வளைந்த தட்டையான குறி ஏறத்தாழச் சூலகத்தின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். காயாகும்போது ஒவ்வொரு சூல்வித்திலையும் ஓர் ஒருபுற வெடிகனியாகிறது: அதாவது எருக்கங்காயைப் போல ஒரே பக்கத்தில் மட்டும் பிளக்கிறது. பூவின் மையத்தை நோக்கிய உட்பக்கத்தில் பிளந்து, காய்கள் வெளிநோக்கி வளைந்து நட்சத்திரம் போல விரிகின்றன. உள்ளே பெரிய, பளபளப்பான கருநிற வித்துகள் இருக்கும். சில இனங்களில் கருக்கட்டப்படாத சூல்கள் வாடிப்போகாமல் செந்நிறமாகப் பருத்து நிற்கும். செம்மைக்கு நடுவே கருமை என்ற அந்தக் காட்சி குன்றிமணியை நினைவூட்டும். வித்தின் அடியில் ஏரில் எனப்படும் சதைப்பற்றான மேலுறையின் தடம் உண்டு. ஏரில் என்றால் என்ன என்று மாணவருக்கு விளக்க மாத்தளைப் பக்கத்துச் சாதிக்காயைப் பிளந்து காட்டுங்கள். கொட்டையைச் சுற்றிச் செவ்வலையாகப் படர்ந்திருக்கும் வசவாசி அதுவே.

சூல்வித்திலைகளுக்கு அடுத்து வெளியே வருவது பியோனியின் தனி அடையாளமான வட்டத்தட்டு. சூல்வித்திலைகளின் அடியைச் சுற்றி ஒரு சதைப்பற்றான வளையமாக அது அமைந்திருக்கும். சீனத்து மரப் பியோனிகள் பலவற்றிலோ அது உயர்ந்து எழுந்து, தோல் போன்ற உறையாகி, சூல்வித்திலைகளை முழுவதுமாகப் போர்த்திக்கொள்ளும். படத்தில் இந்த வளையத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இதைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் வெளியே கேசரங்கள். அவை பல என்பதை மட்டும் எழுதினால் போதாது, எந்த ஒழுங்கில் தோன்றுகின்றன என்பதே முக்கியம். மிக இளம் மொட்டை நீளவாக்கில் வெட்டினால், உட்புறக் கேசரங்கள் முன்னதாகவே உருவாகியிருக்க, வெளிப்புறத்தவை பின்னர் தோன்றுவது தெரியும். மையத்திலிருந்து வெளிநோக்கிய ஒழுங்கு இது. ரனன்குலேசியே குடும்பத்தில் ஒழுங்கு நேர் எதிரானது: வெளிப்புறத்துக் கேசரங்கள் முதலில், உட்புறத்தவை பிறகு. இதைக் கைப்பேசிப் படத்தில் காண இயலாது. உருப்பெருக்கியும் பொறுமையும் வேண்டும். ஆயினும் பியோனியின் வரலாற்றையே திருப்பிய குறிப்பு இது, ஆகையால் விட்டுவிடக் கூடாது.

அல்லிகள் காட்டு இனங்களில் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வரை, புல்லிகள் ஐந்து. கீழே உள்ள இலையிலிருந்து பூவடிச் செதிலுக்கும், செதிலிலிருந்து புல்லிக்கும், புல்லியிலிருந்து சில வேளைகளில் அல்லிக்கும் உருவம் படிப்படியாக மாறிக்கொண்டே போவதை ஒரே காம்பில் காணலாம். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை எங்கே என்று சொல்ல முடியாத இந்த மாற்றத்தை நான் மாணவரிடம் காட்டாமல் விடுவதில்லை; பூவின் உறுப்புகள் எல்லாம் இலையின் மாற்றுருவங்கள் என்று பாடத்தில் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பூக்கள் சிலவே. இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி அமைந்து, மும்மூன்றாகப் பிரிந்த கூட்டிலைகளாக இருக்கும்.

ரனன்குலேசியே ஏன் கைவிடப்பட்டது

1789 இல் ஜூசியூ தாவரங்களை இயற்கைக் குடும்பங்களாக அடுக்கியபோது பியோனியை ரனன்குலேசியேயில் வைத்தார். பெந்தமும் ஹூக்கரும் 19ஆம் நூற்றாண்டில் அதையே பின்பற்றினர். அவர்களுடைய முறை பிரித்தானிய ஆட்சி நிலவிய நாடுகள் எங்கும் பரவியதால் நம் பழைய நூல்களிலும் அதுவே நிலைத்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல கேசரங்கள், தனித்தனிச் சூல்வித்திலைகள், ஒருபுறம் வெடிக்கும் காய்கள் என்று மூன்றும் ரனன்குலேசியேயிலும் இருக்கின்றன. நம் வேலிகளில் படரும் கிளமாட்டிஸ் கொடியும், ஹோட்டன் சமவெளியில் வெள்ளையாகப் பூக்கும் அனிமோனும் அக்குடும்பத்தவை. (ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா; அங்கே பூவைப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது.)

வேறுபாடுகள் ஒவ்வொன்றாகவே சேர்ந்தன. 1908 இல் வொர்ஸ்டெல் என்பவர் தண்டின் உள்ளே நீரைக் கடத்தும் கலன்களின் அமைப்பை ஆராய்ந்து, பியோனி தனிக் குடும்பமாக நிற்க வேண்டும் என்று வாதிட்டார். கலத்தில் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களை எண்ணியபோது பியோனியின் அடிப்படை எண் (ஒரு தொகுதியில் உள்ளவை) 5 என்று தெரிந்தது. அவை அளவில் மிகப் பெரியவையும்கூட. ரனன்குலேசியேயில் பெரும்பாலும் காண்பது 7 அல்லது 8. 1946 இல் கோர்னர் கேசரங்களின் ஒழுங்கை எடுத்துக்காட்டினார். பிறகு 1950களில் யாக்கோவ்லேவ் கண்டது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. பூக்கும் தாவரங்களில் நுகம் (கருக்கட்டலால் உருவாகும் முதற் கலம்) பிரியும்போது கலச்சுவரும் கூடவே தோன்றுவது வழக்கம். பியோனியிலோ முதலில் சுவரே இல்லாமல் கலக் கருக்கள் மட்டும் பலவாகப் பெருகி, அதன் பின்னரே கலங்கள் உருவாகின்றன. சைக்கஸ், ஜின்கோ போன்ற பூவாத வித்துத் தாவரங்களில் காணும் இந்த முறை பூக்கும் தாவரங்களுக்குள் பியோனிக்கு மட்டுமே உரியது.

தனிக் குடும்பம் என்று ஆனபின் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கேசரங்களின் ஒழுங்கு, நிலைத்திருக்கும் புல்லி, ஏரில் உடைய வித்து ஆகியவற்றை வைத்து டில்லீனியாவின் வருணத்தில் சிலர் சேர்த்தனர். 1981 இல் குரொங்குவிஸ்ட் அவ்வாறே செய்தார். பேராதனைப் பூங்காவில் டில்லீனியா இனமான ஹொந்தபர மரத்தின் பெரிய காயைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் நியாயமாகவே தோன்றும்: காயைச் சுற்றி மூடியிருக்கும் தடித்த ஓடுகள் எல்லாம் பூவின் புல்லிகளே. ஆனால் 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1998 இல் வெளியான பூக்கும் தாவரங்களின் புதிய வகைப்பாடு பியோனியை சக்சிஃப்ராகேலிஸ் வருணத்தில் வைத்தது. 2016 இல் வெளியான நான்காம் பதிப்பிலும் அது அங்கேதான் இருக்கிறது.

ரணகள்ளிப் பூவைத் திறந்து பாருங்கள்

சக்சிஃப்ராகேலிஸ் என்ற பெயர் தொலைவாகத் தோன்றலாம். ஆனால் அவ்வருணத்தின் உறுப்பினர் ஒருவர் நம் வாசலிலேயே இருக்கிறார். பாறை இடுக்குகளிலும் லயத்து மதில்களிலும் வளரும், இலையைப் புத்தகத்துக்குள் வைத்தால் விளிம்பில் குட்டிகள் முளைக்கும் ரணகள்ளியே அது. சிங்களத்தில் அக்கபான என்பார்கள். பியோனிக்கும் இதற்கும் என்ன உறவு என்று முதலில் எவரும் சிரிப்பார்கள். ஆகையால் பூவைத் திறந்து காட்டுவது நல்லது.

தொங்கும் மணி போன்ற பூ ஒன்றை எடுத்து, வெளியே உள்ள ஊதிய புல்லிக் குழாயைக் குண்டூசியால் நீளவாக்கில் கிழியுங்கள். உள்ளே செந்நிற அல்லிக் குழாய். அதையும் கிழித்தால் எட்டுக் கேசரங்களும், அவற்றின் நடுவே நான்கு சூல்வித்திலைகளும் தெரியும். ஊசி முனையால் நான்கையும் விலக்கிப் பாருங்கள். அடியில் மட்டுமே நெருங்கியிருந்து, மற்றபடி தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வெளிப்புறமாக, அரிசிக் குறுணையைவிடச் சிறிய ஒரு செதில் ஒட்டியிருக்கும். தேன் அங்கேதான் சுரக்கிறது. முற்றிய பூவில் நான்கு சூல்வித்திலைகளும் நான்கு ஒருபுற வெடிகனிகளாகின்றன. பிரிந்து நிற்கும் சூல்வித்திலைகள், அவற்றின் அடியில் தேன் சுரக்கும் பகுதி, ஒருபுறம் வெடிக்கும் காய்கள்: பியோனியின் நடுவில் கண்டவற்றின் சாயல் இங்கேயும் இருக்கிறது. மரபணுச் சான்று முதன்மையானது, இந்த ஒப்புமை அதற்குத் துணை. இதை மட்டும் வைத்து வருணத்தை முடிவு செய்ய முடியாது என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். மலைக்காடுகளில் வளரும் டாப்னிஃபில்லம் மரமும் இதே வருணத்தைச் சேர்ந்தது.

இங்கே ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். நுவரெலியாத் தெருவோரங்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகக் குவிந்து பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பழைய நூல்கள் சக்சிஃப்ராகேசியே குடும்பத்தில் சேர்த்திருக்கும். அது இப்போது தனிக் குடும்பமாகி, கோர்னேலிஸ் என்னும் வேறு வருணத்துக்குப் போய்விட்டது. பழைய நூலையும் புதிய வகைப்பாட்டையும் கலந்து எழுதினால் ஹைட்ரேஞ்சியாவும் பியோனியும் உறவு என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள்.

சாதிக்குள் மூன்று பிரிவுகள்

இனத்தின் பெயரைத் தேடுமுன் பிரிவைத் தீர்மானியுங்கள். தண்டு மரத்தன்மையாக இருந்து, குளிர்காலத்தில் இலை உதிர்த்தாலும் கிளைகள் நிலைத்து நின்றால் அது மூட்டான் பிரிவு. இதன் காட்டு இனங்கள் யாவும் சீனத்துக்குரியவை, அவற்றின் நிறமூர்த்தங்கள் 10. தண்டு ஆண்டுதோறும் மடிந்து, இளவேனிலில் மண்ணிலிருந்து செந்நிற முளைகளாக மீண்டும் எழுந்தால், அது பெரும்பாலும் பியோனியா பிரிவு; ஐரோப்பாவிலிருந்து யப்பான் வரை பரவிய பெரும்பான்மை இனங்கள் இதில் அடங்கும், நிறமூர்த்தங்கள் 20 உள்ள இனங்கள் இப்பிரிவில் மட்டுமே உள்ளன. மூன்றாவது ஓனேப்பியா, வட அமெரிக்காவின் மேற்குக்குரிய இரண்டே இனங்கள்: பியோனியா பிரவுனி, பியோனியா கலிஃபோர்னிக்கா. இவற்றின் பூ சிறியது, தலை குனிந்தது, அல்லிகள் புல்லிகளைவிடப் பெரிதாக வளர்வதில்லை. உறவினர் வீட்டு முற்றத்தில் இதைக் காண்பது அரிது.

அவர்கள் அனுப்பும் படத்தில் இருப்பது பெரும்பாலும் பியோனியா லக்டிஃப்ளோராவின் தோட்ட வகையாக இருக்கும். ஒரு தண்டில் நடுப்பூவோடு பக்க மொட்டுகளும் இருந்தால் அந்த எண்ணம் வலுப்படும். பியோனியா ஒஃபிசினாலிஸ் இனத்தில் தண்டுக்கு ஒரு பூதான். மரப் பியோனியின் பூவும் இலையும் இருந்து, தண்டு மட்டும் ஆண்டுதோறும் மடிந்தால் அது இட்டோ கலப்பினமாகலாம். யப்பானியரான தொயிச்சி இட்டோ 1948 இல் இரண்டு பிரிவுகளையும் கலப்பதில் வெற்றி கண்டார். அந்தச் செடிகள் பூத்ததைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. இத்தகைய செடிக்கு ஒரே பிரிவின் பெயரை எழுதக் கூடாது. இரண்டையும் எழுதி இடையே பெருக்கல் குறி இட வேண்டும்.

அட்டையை எழுதும் முறை

பென்சிலால் எழுதுங்கள், மலைநாட்டு ஈரத்தில் மை பரவிவிடும். பூக்கும் தாவரம், மெய் இருவித்திலையி என்று மேலே குறித்தபின், "வருணம் சக்சிஃப்ராகேலிஸ், குடும்பம் பியோனியேசியே, சாதி பியோனியா, பிரிவு பியோனியா, இனம் பியோனியா லக்டிஃப்ளோரா" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம். இனப் பெயருக்குப் பக்கத்தில் அதற்குப் பெயரிட்ட பல்லாஸின் பெயரையும் 1776 என்ற ஆண்டையும் சேருங்கள். இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் சாதியோடு நிறுத்திவிடுங்கள். ஊகித்து எழுதிய இனப் பெயரைவிட நிறைவு பெறாத அட்டை மேலானது. அதற்குக் கீழே, எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: "தனித்த சூல்வித்திலைகள் மூன்று, சதைப்பற்றான வட்டத்தட்டு, நிலைத்த புல்லிகள், இலையடிச் செதில் இல்லை." படம் எந்த ஊரில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதும், எந்த ஆண்டின் வகைப்பாட்டைப் பின்பற்றினீர்கள் என்பதும் கடைசி வரி. ரனன்குலேசியே என்று எழுதிய பழைய அட்டை உங்களிடம் இருந்தால் அதைக் கிழிக்காமல், புதிய அட்டையின் பின்னால் வைத்து ஒட்டிவிடுங்கள். நான் என்னுடையதை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.